மதுரையை எரித்தது முறையா?

நகரத்தார் தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மானகிரியிலிருந்து மதுரையோ பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். எனவே, புகாரில் பிறந்து மதுரையில் வழக்குரைத்த கண்ணகி நமக்கு அயலாள் அல்லள். பட்டிமண்டபம் என்றால் அவள் பக்கம் பேசவே நம் தோழியர் முந்துவர். நாமும் அவள் பக்கமே. ஆனால் அரண்மனை வாயில் வரையில்தான்.

அரசவையில் அவள் செய்தது பழிவாங்கல் அன்று. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் பாண்டியன் நெடுஞ்செழியன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. ஒரு பொற்கொல்லன் சொல்லை மட்டும் நம்பி, விசாரியாமல் கோவலனைக் கொல்வித்த மன்னன், தன் குற்றத்தைத் தானே உரைத்து, அரியணையிலிருந்து வீழ்ந்து மாண்டான். கோப்பெருந்தேவியும் உயிர் நீத்தாள். படையில்லாத ஒரு பெண், சான்று ஒன்றைக் கொண்டே முடியரசனை வென்றாள்! இதற்கு மேலும் நீதி வேண்டுமோ?

ஆயினும் அவள் சினம் தணியவில்லை. மதுரை எரிந்தது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்று தீக்கடவுளுக்கு ஆணையிட்டாளே என்பர் சிலர். உண்மைதான். யானைகளும் குதிரைகளும் கூட மதிலுக்கு வெளியே சென்று தப்பின என்கிறார் இளங்கோவடிகள். ஆனால் தீயவர் இன்னார் என்று முடிவு செய்தவர் யார்? எந்த அவையில்? கோவலனுக்கு மறுக்கப்பட்ட விசாரணை அந்நகரத்தாருக்கும் மறுக்கப்பட்டதன்றோ! அதிலும், கணவனை இழந்து தெருவில் அவள் அரற்றியபோது மதுரை மக்கள் அவளோடு சேர்ந்து கலங்கியவர்கள். அரசனின் செங்கோல் வளைந்ததே என்று வருந்தியவர்கள்.

கிரேக்கர் காப்பியமான இலியத்திலும் இதைக் காண்கிறோம். நண்பன் பத்ரோக்ளசைக் கொன்ற எக்டரைப் போரில் வீழ்த்தினான் அக்கிலீஸ். போர்முறைப்படி அது சரி எனலாம். பிறகு எக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்தான். நண்பனின் ஈமத்தீயருகே, சிறைப்பிடித்த 12 திராய் இளைஞர்களை வெட்டினான். பத்ரோக்ளசைக் கொன்றவர்கள் அவர்கள் அல்லர். முடிவில், எக்டரின் கிழத்தந்தை பிரியாம் இரவில் தனியே வந்து கைபற்றி மன்றாட, இருவரும் சேர்ந்து அழுதனர். அதன் பின்னரே உடல் திரும்பியது. அக்காட்சிக்காகவே அக்கிலீசை நாம் ஓரளவு மன்னிக்கிறோம்.

நம் காப்பியத்தில் அப்படி ஓர் இரவு இல்லை. கண்ணகி மறைந்த பின்னும் பழி நின்றபாடில்லை. பாண்டி நாட்டில் மழை பொய்த்து, பஞ்சமும் நோயும் வந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினியின் சினம் தணியவென்று பொற்கொல்லர் 1,000 பேரை ஒரே பகலில் பலியிட்டான். மழை பெய்தது என்று முடிக்கிறது நூல். மேடைகளில் இதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. சிலம்பைத் திருடியவன் ஒருவன். அந்த ஆயிரவரின் மனைவியரும் கணவரை இழந்தவர்கள்தாமே! அவர்கள் எந்தச் சிலம்பை ஏந்தி, எந்த மன்னன் வாயிலில் போய் நிற்பார்கள்?