‘இயன்றவரை’ என்னும் சொல்

நல்வாழ்வுக்குரிய நெறிகளை அறியாதவர் நம்முள் எவருமிலர். பள்ளிக்கூடச் சுவரிலும் நாட்காட்டித் தாளிலும் மேடைப் பேச்சிலும் அவை நாள்தோறும் நம் கண்ணிலும் காதிலும் பட்டுக்கொண்டே இருக்கின்றன. அறிந்திருந்தும் அவற்றின்படி வாழாதிருப்பது ஏன்? நெறிகள் கடுமையானவை என்பர் சிலர். காலம் கெட்டது என்பர் வேறு சிலர். என் கருத்து வேறு. நெறிக்கும் நமக்கும் நடுவே நாம் ஒரு சிறு சொல்லைக் காவல் வைத்திருக்கிறோம். அச்சொல்லைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

அண்மையில் ஒரு மாணவர் மன்றத்திற் காந்தியடிகளின் பதினொரு விரதங்களைப் பற்றிப் பேசினேன். வாய்மை, அகிம்சை, பிரமசரியம், நாவடக்கம், கள்ளாமை, உடைமை பெருக்காமை, அஞ்சாமை, தீண்டாமை ஒழித்தல், உடலுழைப்பு, எல்லாச் சமயங்களையும் ஒப்ப மதித்தல், சுதேசியம் என்பன அவை. ஆசிரியப் பணியிலிருந்த முப்பது ஆண்டுகளிற் பல முறை கரும்பலகையில் எழுதிய பட்டியலாதலால் தடையின்றிப் பேசி முடித்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, இவற்றுள் எவை உங்கள் வீட்டில் இருந்தன?” என்று வினவினான். “இயன்றவரை எல்லாவற்றையும் கைக்கொண்டோம், தம்பி” என்றேன். அவையோர் கைதட்டினர். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஏனெனில் நான் சொன்ன அதே சொல்லைக் காந்தியடிகள் கடிந்திருக்கிறார். 1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்பின் எரவாடாச் சிறையில் இருந்தபோது, சபர்மதி ஆசிரமத்தவர்க்கு இவ்விரதங்களை விளக்கி வாரந்தோறும் செவ்வாய்க்கிழமைக் காலையில் ஒவ்வொரு கடிதமாக எழுதினார். அவை குஜராத்தியில் ‘மங்கள பிரபாதம்’ என்னும் நூலாயின. விரதம் என்பது யாது என்பதற்கென்றே அவற்றுள் ஒரு கடிதம் உண்டு. ‘இயன்றவரை செய்வேன்’ என்று தொடங்குபவன் முதற் சோதனையிலேயே வீழ்ந்துவிடுவான் என்பது அதன் சாரம்.

எழுதுவதற்குப் பதினைந்து ஆண்டுகளின் முன்னரே அவர் இதனை வாழ்ந்து பார்த்தவர். 1915 மே மாதத்தில் அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கிற்று. சில மாதங்களுள், பம்பாயில் ஆசிரியராயிருந்த தூதாபாய் என்பவர், ‘தீண்டத்தகாதவர்’ எனப்பட்ட குலத்தவர், தம் மனைவி தானிபென்னுடனும் குழந்தை இலட்சுமியுடனும் அங்கு வந்து சேர்ந்தார். உடனே கிணற்றடியிற் பூசல் எழுந்தது. ஆசிரமத்தவரின் வாளியிலிருந்து தெறிக்கும் துளி தன்னைத் தீட்டாக்கும் என்று நீரிறைப்பவன் வைதான். பொருளுதவி செய்தோர் கையை மடக்கிக்கொண்டனர். கஸ்தூரிபா முதலிய பெண்களுக்கும் தானிபென்னின் வரவு உவப்பாயில்லை என்பதைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் மறையாது எழுதியுள்ளார். அடுத்த மாதச் செலவுக்குப் பணமில்லை என்று மகன்லால் தெரிவித்தபோது, அப்படியாயின் தீண்டத்தகாதோர் சேரிக்கே சென்று வாழ்வோம் என்பதுதான் விடையாயிற்று. பின்னர் ஒரு செல்வர் காரில் வந்து பதின்மூவாயிரம் ரூபாவைக் கையிற் கொடுத்துச் சென்றார். வைத நீரிறைப்பவனும் நாளடைவில் நாணி அடங்கினான். பணம் வந்ததை அற்புதமென்று வியப்போர் உளர். எனக்கு வியப்பளிப்பது பணம் வருமுன் பிறந்த விடை. அங்கே ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்கு இடமே இருக்கவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வருகிறேன். 1927 நவம்பரில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் காந்தியடிகள் இங்கு வந்தபோது என் தந்தையார் பள்ளி மாணவர். அன்று கண்ட காட்சியை ஆயுள் முழுதும் போற்றியவர். பின்னாளில் ஆசிரியராகிக் கதர் உடுத்தார்; எங்கள் தலைவாசலிற் காந்தியடிகளின் படமும் அதன்கீழ் அவர் தம் கையாலெழுதிய பதினொரு விரதங்களும் தொங்கின. கிணற்றடியிலோ, வேலிக் கதியாலில் ஒரு சிரட்டை தொங்கிற்று.

ஆண்டுதோறும் வேலியடைக்க ஒரு முதியவர் வருவார். அவர் கிணற்றுக் கட்டில் ஏறலாகாது, துலாவைத் தொடலாகாது. எங்களுக்கு மூக்குப்பேணி, அவருக்குச் சிரட்டை. என் பாட்டனார் வயதுடைய அவரை நானும் பெயர் சொல்லித்தான் அழைத்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள், அவர் ஏந்திய சிரட்டையில் நீர் வார்த்துவிட்டு வந்து தந்தையாரிடம், “ஐயா, சிரட்டை அந்தப் பட்டியலில் எத்தனையாவது?” என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “இயன்றவரை செய்யிறம், தம்பி. ஊரோடு ஒத்து வாழ வேணுமெல்லோ” என்றார். அது 1960 ஆம் ஆண்டு. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே நிறைவேறியிருந்தது. மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் மூண்ட 1968 இலும் எங்கள் சிரட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அப்போது நான் சிறுவனல்லேன். ஆயினும் அதனைக் கழற்றி எறியவில்லை. அந்த முதியவர் இறந்த பின்னர் அது உக்கித் தானாகவே விழுந்தது.

என் தந்தையார் பொய்யரல்லர். கடன்பட்ட காசைச் சொன்ன நாளிற் கொடுப்பவர். எவர் பொருளையும் தீண்டாதவர். ஆயினும் இன்று நினைக்குங்கால், அச்சிரட்டை ஒரு விரதத்தையன்றிப் பல விரதங்களை உடைத்தது என்றே தோன்றுகிறது. ஊருக்கு அஞ்சினோம், அஞ்சாமை போயிற்று. உடலுழைப்பைப் போற்றினோம், உழைத்தவரை வேலியோரம் நிறுத்தினோம். ஒரு மனிதனுக்குரிய மானத்தை ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டோம், கள்ளாமையும் போயிற்று. களவென்றே இதனைச் சொல்கின்றேன். மூக்குப்பேணியை அவர் கையிற் கொடுத்திருந்தால் அது எம் பெருந்தன்மையாகாது; எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததேயாகும். தீண்டாமையை மேலோரின் கருணையால் மட்டும் தீர்க்கலாம் என்ற நோக்கை அம்பேத்கர் வன்மையாக மறுத்து, உரிமையைக் கேட்டார். அவ்விடத்தில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பதை, சிரட்டை தொங்கிய வீட்டில் வளர்ந்த நான் ஒப்புகின்றேன்.

பலவீனமான மனிதனுக்கு ‘இயன்றவரை’ என்பதும் ஒரு படியன்றோ என்று சிலர் வினவலாம். முயன்று தோற்றவன் அச்சொல்லைச் சொல்லட்டும். அது அவன் பணிவு. முயலுமுன்னர்ச் சொல்வது தப்பும் வழி. நாங்கள் ஒருநாளாவது பேணியை நீட்டி, அதனால் ஊராரின் ஏச்சைக் கேட்டிருந்தோமாயின் அச்சொல்லுக்கு எமக்கு உரிமையிருந்திருக்கும். ஆன்மிகம் வேறு, மானமுள்ள வாழ்வு வேறு என்று நான் கருதுவதில்லை. தலைவாசலிற் படத்தை வணங்குபவன் கிணற்றடியில் எப்படி நடக்கிறான் என்பதே இரண்டுக்கும் ஒரே அளவுகோல்.

இன்று சிரட்டை இல்லை. ஆனால் புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் ஊரையும் குறிச்சியையும் துருவிக் கேட்டு மனத்துள் அவரை ஓரிடத்தில் நிறுத்தும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கலியாணப் பேச்சில் அது வெளிப்படையாகவே கேட்கப்படுகிறது. ஆசிரிய நண்பர்களே, பதினொன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதியபின், எழுதிய கையைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அன்று எழுந்து நின்ற மாணவனுக்கு இதுவே என் விடை: தம்பி, எங்கள் வீட்டுச் சுவரில் பதினொன்றும் இருந்தன. கிணற்றடியில் ஒரு சிரட்டை இருந்தது. நான் உனக்குச் சொன்னது உண்மையன்று.