காத்திருக்கும் நாளின் கூலி

ஆரோவிலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் மரக்காணம் வந்துவிடும். சாலையின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்புப் பாத்திகள். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்து தமிழகத்தில் பேசப்படும் உப்பளப் பகுதி இது. இங்கு ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீரமைக்கும் பணி தொடங்கும். கோடை முழுவதும் உப்பு வாரப்படும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எல்லாம் நின்றுவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இப்பாத்திகள் வெள்ளக்காடாயின. புயல் இல்லாத ஆண்டுகளிலும் மழை மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு அங்கு வேலை இல்லை.

வேலை இருக்கும் நாள்களுக்கு அவருக்குக் கூலி உண்டு. வேலை இல்லாத நாள்களுக்கு என்ன? தொழிலாளர் சட்டங்கள் பலவும் மாற்றி எழுதப்பட்டு, கடந்த 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், இக்கேள்வியை எழுப்புவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை.

விடையைத் தேட, உப்பளத்துக்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு தொழிலைப் பார்ப்போம். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் மீண்டும் பயணிகள் விமானப் போக்குவரத்து தொடங்கியது. அந்த விமானங்களை இயக்கும் விமானியும், பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளியும் ஒரு வகையில் ஒரே சிக்கலை எதிர்கொள்பவர்கள். இருவருடைய வேலையும் இடைவிட்டு நிகழ்வது. இருவருக்கும் வானிலை எஜமானன். ஆனால், இருவருக்கும் ஊதியம் கணக்கிடப்படும் முறையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு.

பெருநிறுவனங்களின் சொந்த விமானங்களைப் பகுதிநேரமாக இயக்கும் விமானிகள் தங்கள் நாள் கட்டணத்தை எவ்வாறு நிர்ணயிக்கிறார்கள் என்று பாருங்கள். முழுநேர விமானியின் ஆண்டு ஊதியத்தை 365-ஆல் வகுத்து, அந்தத் தொகையை அவர்கள் கேட்பதில்லை. ஆண்டில் தமக்கு எத்தனை நாள் அழைப்பு வரும் என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியம், உரிமத்தைத் தக்கவைப்பதற்கான பயிற்சி, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றின் செலவை அத்துடன் சேர்க்கிறார்கள். கூட்டுத்தொகையை அந்தக் குறைந்த நாள்களால் வகுக்கிறார்கள். முதலாளியை ஒரு நகரத்தில் இறக்கிவிட்டு, அவர் திரும்பி வரும்வரை விடுதியில் காத்திருக்கும் நாளும் பணி நாளாகவே கணக்கில் சேரும். பகுதிநேர ஊதியம் என்பது முழுநேர ஊதியத்தின் ஒரு துண்டு அன்று. அது தனிக் கணக்கு.

விமான நிறுவனங்களில் முழுநேரம் பணிபுரியும் விமானிகளுக்கும் இதே தத்துவத்தின் மற்றொரு வடிவம் உண்டு. மாதத்தில் எவ்வளவு குறைவாகப் பறந்தாலும் குறிப்பிட்ட மணி நேரத்துக்கான படி உறுதியாகக் கிடைக்கும். ஏர் இந்தியா 2023-இல் கொண்டுவந்த புதிய ஊதிய ஒப்பந்தம் இந்த உறுதியை 70 மணி நேரத்திலிருந்து 40 மணி நேரமாகக் குறைத்தது. 1,500-க்கும் மேற்பட்ட விமானிகள் கையெழுத்திட்டு ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினர். அடுத்த ஆண்டு விஸ்தாராவிலும் அதே 40 மணி நேர விதி வந்தபோது, விமானிகள் பற்றாக்குறையால் பல விமானங்கள் ரத்தாயின. பறந்த நேரத்துக்கான தொகையைவிட, பறக்காத நேரத்துக்கான உறுதியே அவர்களைக் கொதிக்க வைத்தது.

விமானியின் கையில் எளிதில் ஈடுசெய்ய முடியாத உரிமம் இருக்கிறது. அவர் மறுத்தால் விமானம் தரையில் நிற்கும். உப்பளத் தொழிலாளி மறுத்தால் மறுநாள் வேறொருவர் பாத்தியில் இறங்குவார். எனவே, சந்தை விமானிக்குக் கொடுப்பதை உப்பளத் தொழிலாளிக்குச் சட்டம்தான் கொடுக்க வேண்டும். சட்டம் கொடுக்கிறதா?

ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 சில நல்ல விதிகளைக் கொண்டிருக்கிறது. நாள் கூலிக்கு வந்த தொழிலாளிக்கு அன்று முழுநேர வேலை தர இயலாமற்போனாலும், அவர் வேலை செய்ய மறுக்காதவரை, பொதுவாக முழு நாளுக்கான ஊதியம் தர வேண்டும் என்கிறது அது. தாங்கவியலாத வெப்பம் போன்ற பணிக்கடுமையைக் கூலி நிர்ணயத்தில் கருத வேண்டும் என்றும் கூறுகிறது. உவர்நீரில் கால்கள் வெடிக்க, வெண்மையின் ஒளியில் கண்கள் கூச, நிழலற்ற வெளியில் நிற்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால், இந்தப் பாதுகாப்பெல்லாம் வேலைக்கு வந்த நாளுக்கு மட்டுமே. வேலையே இல்லாத மாதங்களைப் பற்றி அது பேசவில்லை.

வேலை தர இயலாத நாள்களுக்கு இழப்பீடு என்ற கருத்து நம் சட்டத்துக்குப் புதிதன்று. தொழில் தகராறுகள் சட்டம், 1947, ‘லே-ஆஃப்’ செய்யப்படும் தொழிலாளிக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படியில் பாதியை இழப்பீடாக வழங்கச் சொன்னது. ஆனால், பருவகாலத் தொழிலகங்களையும் இடைவிட்டு வேலை நடக்கும் இடங்களையும் அந்த விதியிலிருந்து விலக்கியது. அதன் இடத்தில் வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020-உம் அவ்விலக்கைத் தொடர்கிறது. யாருக்கு இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவையோ, அவர்களே பெயர் சொல்லாமல் வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை கூலி நிர்ணயக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்தின் உணவு, உடை, உறைவிடம், எரிபொருள் தேவைகளிலிருந்து குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறையை வகுத்தது. உச்ச நீதிமன்றம் 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் கல்வி, மருத்துவம் உள்ளிட்ட செலவுகளுக்காக அதனுடன் மேலும் 25 சதவீதம் சேர்த்தது. இவ்வாறு கிடைக்கும் மாதத் தேவையை நாள் கூலியாக மாற்றும்போது 26 பணி நாள்கள் என்ற கணக்கே வழக்கத்தில் உள்ளது. அதாவது, ஆண்டுக்கு 312 நாள்கள் வேலை கிடைக்கும் என்ற அனுமானம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. ஒரு குடும்பத்தின் மாதத் தேவை ரூ.18,000 என்று கொள்வோம். ஆண்டுக்கு ரூ.2,16,000. இதை 312-ஆல் வகுத்தால் நாள் கூலி சுமார் ரூ.692. உப்பளத்தில் ஆண்டுக்கு 200 நாள்களே வேலை கிடைத்தால், அந்தக் கூலியில் கிடைப்பது ரூ.1,38,400. பற்றாக்குறை ரூ.77,600. அதே தேவையை 200-ஆல் வகுத்தால் நாள் கூலி ரூ.1,080 ஆகும். பகுதிநேர விமானி போடுவது இந்த இரண்டாவது கணக்கு. உப்பளத் தொழிலாளிக்கு நாம் போடுவது முதல் கணக்கு.

தமிழக அரசு இதை அறியாமல் இல்லை. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. வேலையில்லா மாதங்களுக்கு அரசு பொறுப்பேற்பது பாராட்டுக்குரியது. ஆயினும், மேற்கண்ட கணக்கின் பற்றாக்குறையில் இது பதினைந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதே கடற்கரையின் மீனவக் குடும்பங்களுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ரூ.8,000 வழங்கப்படுவதுடன் ஒப்பிட்டாலும் இது குறைவே.

மழைக்காலத்தில் இவர்கள் வேறு வேலைக்குச் செல்வதில்லையா என்று கேட்கப்படலாம். செல்கிறார்கள், வயல் வேலை, கட்டுமான வேலை என்று கிடைப்பதைச் செய்கிறார்கள். ஆனால், உப்பளத்தை நிறுத்தும் அதே மழைதான் பல நாள்களில் அவ்வேலைகளையும் நிறுத்துகிறது. மற்றொரு வாதம் குத்தகைதாரர்களுடையது: உப்பின் விலை ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது, சிறு உற்பத்தியாளரால் இவ்வளவு கூலி தர இயலாது என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. நாள் கூலியை ஒரேயடியாக உயர்த்தினால் சிறு பாத்திகள் மூடப்படலாம். முதலில் பாதிக்கப்படுவதும் தொழிலாளியே.

எனவே, சுமை பகிரப்பட வேண்டும். கட்டடங்களின் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தீர்வையாக வசூலிக்கப்பட்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் செல்கிறது. உப்புக்கும் அப்படியொரு தீர்வை இருந்தது. 1953-ஆம் ஆண்டின் உப்புத் தீர்வைச் சட்டம், தொழிலாளர் நலனையும் தன் நோக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. இன்று அது நடைமுறையில் இல்லை. உப்பு அரசமைப்புச் சட்டத்தின்படி மத்திய பட்டியலில் இருப்பதால், அதற்கு மாற்றான ஏற்பாட்டைச் செய்யும் கடமை மத்திய அரசுக்கு உண்டு. டன்னுக்குச் சில ரூபாய் என்ற சிறு தொகையை நுகர்வோர் உணரக்கூட மாட்டார்கள். அதில் உருவாகும் நிதியிலிருந்து, வேலையில்லா மாதங்களில் குறைந்தபட்சக் கூலியின் பாதியையாவது வழங்கலாம். மாநில அரசும், உப்பளத் தொழிலுக்குக் கூலியை அடுத்த முறை நிர்ணயிக்கும்போது 312 நாள் அனுமானத்தைக் கைவிட்டு, உண்மையான பணி நாள்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள ஆரோவிலில், சமூகப் பணிகளில் ஈடுபடும் ஆரோவில்வாசிகளுக்கு அளிக்கப்படும் தொகையைக் கூலி என்று அழைப்பதில்லை. பராமரிப்புத் தொகை என்கிறார்கள். செய்த வேலைக்கான விலையாக அன்றி, வாழ்வதற்கான தேவையாக அதைக் கருத வேண்டும் என்பது அந்தச் சொல்லின் உட்பொருள். எல்லாத் தொழில்களிலும் அந்த இலட்சியத்தை எட்டுவது கடினம். ஆனால், குறைந்தபட்சக் கூலி என்ற கருத்தின் வேரும் தேவைதான். தேவை ஆண்டின் 365 நாள்களும் இருக்கிறது; கூலி மட்டும் பாத்தி காய்ந்திருக்கும் நாள்களில் வருகிறது. இந்த இடைவெளியை நிரப்பாத எந்தக் கூலி விகிதமும், தாளில் எவ்வளவு உயர்வாகத் தோன்றினாலும், பாதிக் கூலியே.