அண்ணாச்சியும் நல்ல துரையும்



சரவண பவன் ஹோட்டல் முதலாளி ராஜகோபாலைப் பற்றிப் பேச்சு வந்தால், "கொலை வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், தொழிலாளிக்கு அவரைப்போல் செய்தவர் யார்?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. செய்தார், மறுக்கவில்லை. சிறு வயதில் ஹோட்டலில் மேசை துடைத்த ஏழைப் பிள்ளை, 1981இல் சென்னை கே.கே. நகரில் தொடங்கிய கடையை வெளிநாடுகள் வரை பரப்பினார். வேலையாட்களுக்குத் தங்குமிடம், வைத்தியச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எல்லாம் கொடுத்தார். அவர்களும் 'அண்ணாச்சி' என்று கும்பிட்டார்கள்.

அந்தப் பணம் யாருடையது? மாவாட்டியவனும் தோசைக்கல்லில் வெந்தவனும் உழைத்த பணம். அவர்களிடம் எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வள்ளல் பட்டம் வாங்கிக்கொண்டார்.

அந்த வள்ளல் தன்னிடம் வேலை செய்தவரின் மகளையே மூன்றாந்தாரமாக்க நினைத்தார். அவள் மறுத்து, விரும்பியவரோடு வாழ்ந்தாள். 2001இல் அவள் கணவரைக் கடத்திக் கொன்று கொடைக்கானல் மலைக்காட்டில் வீசினார்கள். தண்டனை பெற்றவர்களில் அண்ணாச்சியின் ஊழியர்களும் இருந்தார்கள். சோறு போட்டவர் சொன்னால் கொலைக்கும் போவதா? இதற்குப் பெயர் விசுவாசமா?

2004இல் பத்து வருடச் சிறை, 2009இல் ஆயுள் தண்டனை, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் உறுதி. குற்றம் நடந்து பதினெட்டு வருடம்! (ஒரு கட்டு விறகு எடுத்த நம் ஆள் மறுநாளே பொலிஸில் நிற்கிறான்.) ஜூலை 9இல் அம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர், 18ஆம் திகதி ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்தப் பெண் மட்டும் விடாமல் வழக்கை நடத்தியிராவிட்டால் அவர் இன்றும் வெறும் அண்ணாச்சிதான்.

நம் தோட்டங்களிலும் 'நல்ல துரை' கதை ஓயவில்லை. கூரைக்குத் தகரம் கொடுத்தாராம், பிரசவத்துக்கு லொறி அனுப்பினாராம், தீபாவளிக்கு முற்பணம் தந்தாராம். முற்பணம் நம் சம்பளத்திலேயே கழிக்கிற கடன்! அந்தத் துரையே, "உன் மகளை பங்களா வேலைக்கு அனுப்பு" என்று கேட்டால், லயத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லாத தகப்பன் என்ன பதில் சொல்வான்?

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது சம்பளத் துண்டையும் சேமலாப நிதிக் கணக்கையும் கொண்டு வாருங்கள். துரை தந்ததை விட்டுவிடுவோம், கம்பனி தர வேண்டியதை எண்ணிப் பார்ப்போம்.