ஆட்டுக்கு அகத்தி, பிள்ளைக்கு?

முசிறி, தொட்டியம் பகுதிகளில் காலை நேரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் போனால், கழித்த அகத்தித் தழையைக் கட்டாகக் கட்டி ஆட்டுக்கு எடுத்துச் செல்வதைப் பார்க்கலாம். அதே வீட்டுப் பிள்ளையின் தட்டில் பல நாள் வெறும் ரசச் சோறுதான். கொடிக்காலுக்கு மருந்து அடிப்பதால் அந்தத் தழையைச் சமைக்கச் சொல்லவில்லை. வீட்டுப் புறக்கடையில் தனியாக ஓர் அகத்தி ஏன் இல்லை என்பதே கேள்வி.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16இல் இது 51 சதவீதமாக இருந்தது. நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியதே நம் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். பள்ளியில் அரசு சோறு போடுகிறது. மற்ற வேளைகளும், விடுமுறை நாள்களும், பள்ளிக்குப் போகாத வயதும் வீட்டின் பொறுப்பு.

வாழையும் கரும்பும் விற்ற காசில் கீரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஆனால், சந்தையில் வாங்கிய கீரை மறுநாளே வாடிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அடிக்கடி உலையேறும்.

இதற்குப் பெரிய இடம் வேண்டாம். ஒரு செடிமுருங்கை, ஓர் அகத்தி, இரண்டு பப்பாளி, நாலடிக்கு மூன்றடியில் மூன்று கீரைப் பாத்தி போதும். முருங்கைக்கு ஒன்றரை அடி ஆழக் குழியில் மண்ணோடு மட்கிய எரு கலந்து விதையுங்கள். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டு, கைக்கெட்டும் உயரத்தில் தழை கிடைக்கும். பப்பாளி அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மேடான இடத்தில் வையுங்கள். பாத்திகளில் பத்து நாள் இடைவெளி விட்டு அரைக்கீரையும் சிறுகீரையும் மாற்றி விதைத்தால் தொடர்ந்து பறிக்கலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரையும் இதற்கு விடலாம். சோப்பு நீரைக் கீரைப் பாத்தியில் விடாதீர்கள். பூச்சி தென்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்; வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை இங்கே அடிக்கவே கூடாது.

சமைப்பதிலும் கவனம் வேண்டும். கீரையை நறுக்கும் முன்பே கழுவுங்கள். அதிக நேரம் கொதிக்க விடாமல், சிறிது எண்ணெய் சேர்த்துச் சமையுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்தை உடல் ஏற்க எண்ணெய் வேண்டும். இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் அது குறையும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பருப்போடு குழைய வேகவைத்து மசித்து ஊட்டலாம்.

கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடாது. கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச் சத்து மருந்தையும் குடற்புழு மாத்திரையையும் தவறாமல் கொடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து வெளுத்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வேளாண், தோட்டக்கலை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயலைப் பார்க்க வரும்போது வீட்டின் புறக்கடையையும் ஒருமுறை பாருங்கள். விதைத் தளையைக் கொடுத்ததோடு நில்லாமல், ஒரு மாதம் கழித்து எத்தனை பாத்தி முளைத்திருக்கிறது என்று கேளுங்கள். ஏக்கருக்கு எத்தனை தார் என்று கணக்கு வைக்கும் நாம், வாரத்தில் எத்தனை நாள் பிள்ளை கீரை தின்றது என்றும் கணக்கு வைப்போம்.