ஸ்டார் போடாத ரிப்போர்ட்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, ஆணி எதுவும் இல்லாத ஒரு மத்தியானம், அப்பாவோட மெடிக்கல் ஃபைலைப் புரட்டிக்கிட்டு இருந்தேன். அப்பாவுக்கு 60 வயசு. 12 வருஷமா சர்க்கரை. முட்டி வலி வந்தா மருந்துக்கடையில போய் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்குவார், சீட்டெல்லாம் கிடையாது.

ஃபைல்ல எட்டு மாச இடைவெளியில எடுத்த ரெண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ரெண்டுலயும் கிரியேட்டினின் 1.4. பக்கத்துல நார்மல் அளவு 0.7 முதல் 1.4 வரைன்னு போட்டிருக்கு. எல்லையைத் தொட்டுக்கிட்டு நிக்குது, ஆனா தாண்டல. அதனால ஸ்டார் இல்லை. ஸ்டார் இல்லாத ரிப்போர்ட்டை நம்ம வீட்டுல என்ன செய்வோம்? மடிச்சு உள்ளே வச்சுடுவோம். ரெண்டு தடவையும் மடிச்சு வச்சவன் சாட்சாத் அடியேன்தான்.

அந்த 'நார்மல்' மேல எனக்கு இப்ப செம கடுப்பு. ஏன்னு சொல்ல, கிட்னி என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

டீ வடிகட்டி மாதிரி கழிவை மட்டும் பிரிச்சு எடுக்கும்னுதான் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன். நடக்கறது வேற. போகிக்கு முந்தின நாள் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் தெருவுல எடுத்து வச்சிட்டு, வேணுங்கறதை மட்டும் திரும்ப உள்ளே கொண்டு போவோமே, அந்தக் கதைதான். ரத்த அணுக்களும் புரதமும் பெரிய சைஸ்ங்கறதால உள்ளேயே நின்னுடும். மத்தபடி தண்ணி, உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் வெளியே வந்துடும். இப்படி ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடியுது. அதுல கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ உப்பு இருக்கு! அப்புறம் நீளமான குழாய் வழியா வேணுங்கறதைப் பொறுக்கி உள்ளே எடுத்துக்குது. கடைசியில சிறுநீரா போறது ஒன்றரை லிட்டர் சொச்சம்தான்.

கிரியேட்டினின் நம்ம தசையில தினமும் ஏறக்குறைய ஒரே அளவுல உண்டாகுற கழிவு. கிட்னி அதைத் திரும்ப உள்ளே எடுத்துக்காது. வடிகட்டுறது குறைஞ்சா ரத்தத்துல அது ஏறும். ரொம்ப எளிமையான கணக்குதான். சிக்கல் ரெண்டு இடத்துல இருக்கு.

ஒண்ணு, பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா, ஒரு கிட்னிக்கு சுமார் 10 லட்சம் வடிகட்டி, ரெண்டுக்கும் சேர்த்து 20 லட்சம் சர்வர். கொஞ்சம் கொஞ்சமா படுத்தாலும் மிச்சம் இருக்கறது கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கும். சைட் ஓடிக்கிட்டே இருக்கும், யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ண மாட்டாங்க. கிட்டத்தட்ட பாதி வேலை போன பிறகுதான் பல பேருக்கு அந்த நம்பர் எல்லையைத் தாண்டும். வலிக்காது, வீங்காது.

ரெண்டு, தசை எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. ஜிம்முல உடம்பை ஏத்தின பையனுக்கு கிட்னி ஜம்முனு இருந்தும் ஸ்டார் விழலாம். வயசாகி இளைச்சவங்களுக்கு கிட்னி தளர்ந்தும் ஸ்டார் விழாம போகலாம். இதுக்காகத்தான் வயசையும் ஆணா பெண்ணாங்கறதையும் சேர்த்துப் போடுற ஈ.ஜி.எஃப்.ஆர். கணக்கு இருக்கு. 2021ல வந்த சூத்திரத்துல போட்டுப் பார்த்தேன். அதே 1.4 எனக்கு (28 வயசு) வந்தா 70. அப்பாவுக்கு 58. அவர் வயசுல ஒரு பெண்ணுக்கு வந்தா 43. மூணு மாசத்துக்கு மேல 60க்குக் கீழேயே இருந்தா அது நாள்பட்ட கிட்னி நோய். ரிப்போர்ட்ல மூணு பேருக்குமே ஸ்டார் இல்லாம இருந்திருக்கும்!

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். சிறுநீர்ல ஆல்புமின் பார்க்கச் சொன்னார். கொஞ்சம் கசியுது. முதல்ல கேட்டது, "வலி மாத்திரை போடுறீங்களா?" டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா, வடிகட்டிக்குப் போற ரத்தக்குழாயைச் சுருக்கிடுமாம். ஏற்கெனவே தளர்ந்த கிட்னிக்கு அது கூடுதல் அடி. அன்னையோட நிறுத்தியாச்சு.

"சும்மா இருக்கறவனை பயமுறுத்தாதேடா"ன்னு சொல்றவங்களுக்கு: எல்லாரையும் ஓடச் சொல்லல. சர்க்கரை, பிரஷர், குடும்பத்துல கிட்னி நோய், ரொம்ப நாளா வலி மாத்திரை, இதுல ஒண்ணு இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு விஷயம் கேளுங்க: ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, சிறுநீர்ல ஆல்புமின் எவ்வளவு. லேப்காரங்களும் அந்த நம்பரைப் பக்கத்துலயே அச்சடிச்சுக் கொடுக்கலாம். நாலு வரி புரோகிராம்தானே, நம்ம ஆளுங்கதான் எழுதிக் கொடுத்திருப்பாங்க.

ஊருக்குப் போறப்ப அந்த ஃபைலை ஒரு தடவை எடுத்துப் பாருங்க மக்கா. ஸ்டார் இல்லாத பக்கத்தையும்.

எங்க அப்பா இப்பல்லாம் மருந்துக்கடைப் பக்கம் திரும்பினாலே அம்மா பின்னாடியே போறாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு டாக்டர் எழுதின எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்திடாதீங்க, புண்ணியமாப் போகும்.