பேசிப் புகழ்பெற்றவர்... பேசாமலும்தான்!

டி.வி-யில் மேட்ச் பார்க்கும்போது, 'இந்த வர்ணனையாளர் கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டாரா?' என்று நினைத்திருக்கிறீர்களா? எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர், வின் ஸ்கல்லி. டாட்ஜர்ஸ் என்ற ஒரே பேஸ்பால் அணிக்காக 67 சீசன்கள் வர்ணனை செய்தவர்.

1927-ல் நியூயார்க்கில் பிறந்தார். அவர் வீட்டில் நான்கு கால்களோடு ஒரு பெரிய ரேடியோ இருந்தது. அதன் அடியில் புகுந்து படுத்துக்கொண்டு மேட்ச் கேட்பான் சிறுவன் ஸ்கல்லி. ரசிகர்களின் ஆரவாரம் தலைக்கு மேலிருந்து அருவிபோலக் கொட்டும். அந்தச் சத்தத்தில் மயங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாகப் பின்னாளில் சொல்வார்.

1950-ல் டாட்ஜர்ஸ் வர்ணனைக் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. 1958-ல் அந்த அணி லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம் மாற, அவரும் கூடவே போனார். அங்கே மைதானம் பிரமாண்டம். தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. அதனால் கையில் டிரான்சிஸ்டரோடு வந்து, எதிரே நடக்கும் ஆட்டத்தையே ஸ்கல்லியின் குரலில் கேட்டார்கள்!

1974, ஏப்ரல் 8. அட்லாண்டாவில் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஹேங்க் ஆரோன் தன் 715-வது ஹோம் ரன்னை அடித்தார். பேப் ரூத்தின் நெடுநாள் சாதனை தகர்ந்தது. ஆரோன் கறுப்பினத்தவர் என்பதாலேயே அதற்கு முன்பு அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்திருந்தன. பந்து எல்லை தாண்டியதைச் சொன்ன ஸ்கல்லி, அதன்பின் வாயே திறக்கவில்லை. அரங்கத்தின் கரகோஷத்தை மட்டும் கேட்க விட்டார். பிறகு நிதானமாக, நிறவெறிக்குப் பேர்போன அமெரிக்கத் தென்பகுதியிலேயே ஒரு கறுப்பினத்தவருக்காக மக்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். அந்த ராத்திரியின் அர்த்தமே அதுதான்.

1988-ல் வேர்ல்டு சீரீஸ் முதல் ஆட்டம். என்.பி.சி டி.வி-க்காக வர்ணனை. டாட்ஜர்ஸ் தோற்கும் நிலை. இரண்டு கால்களிலும் அடிபட்டிருந்த கிர்க் கிப்ஸன் நொண்டிக்கொண்டே களமிறங்கி, ஒரே அடியில் அணியை ஜெயிக்க வைத்தார். அப்போதும் ஸ்கல்லி ஒரு நிமிடத்துக்கும் மேல் பேசவில்லை. அத்தனை வருடம் தன் சொந்த அணியாக இருந்தும் ஒரு கூச்சல்கூட இல்லை!

2016-ல் ஓய்வுபெற்றார். அமெரிக்காவின் உயரிய சிவிலியன் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் அதே ஆண்டில் கிடைத்தது. 2022-ல், 94 வயதில் மறைந்தார்.

சொல்லத் தெரியாமலா அவர் மௌனமாக இருந்தார்? ரேடியோவுக்கு அடியில் படுத்து, சின்ன வயதில் தான் ரசித்த அந்த ஆரவாரத்தை, வீட்டில் இருக்கும் எல்லோரும் கேட்கட்டும் என்று வழிவிட்டார். அவ்வளவுதான்.