உம்மாவின் கையொப்பம் உயிர்காப்பு அங்கியா?

சென்ற தவணை விடுமுறைக்கு இரண்டு நாட்களுக்கு முன் என் தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து உம்மாவிடம் நீட்டினான். வாவியில் கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருநாள் முகாமுக்கான சம்மதப் படிவம் அது. "கெதியா சைன் வைங்க உம்மா, நாளைக்குக் கடைசி நாள்" என்று அவசரப்படுத்தினான். அவனுக்கு 11 வயது. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாசிக்காமலே ஒப்பமிடப் போனார். நான்தான் வாங்கி வாசித்தேன். அரசியல் விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியதிலிருந்து எந்தத் தாளைக் கண்டாலும் வாசிக்கும் வியாதி எனக்கு இருப்பதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

படிவத்தில் பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்கப்பட்டிருந்தன. அதன் கீழே ஒரு நீண்ட வசனம். முகாமின்போது என் பிள்ளைக்கு ஏற்படும் எந்தவொரு விபத்துக்கும், காயத்துக்கும், உயிரிழப்புக்கும் ஏற்பாட்டாளர்கள் எவ்விதத்திலும் பொறுப்பல்லர் என்றும், எந்தவித நட்டஈடும் கோரமாட்டேன் என்றும் உம்மா உறுதியளிக்க வேண்டும். அவ்வளவுதான். பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று ஒரு கேள்வி இல்லை. தம்பிக்கு வீசிங் இருக்கிறது. இன்ஹேலர் இல்லாமல் அவனை நாங்கள் மாமி வீட்டுக்குக்கூட அனுப்புவதில்லை. அதைப் பற்றி எழுத அந்தத் தாளில் ஓர் அங்குல இடமும் இருக்கவில்லை. உம்மாவின் அடையாள அட்டை இலக்கம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தம்பியின் நெஞ்சைப் பற்றி எதுவும் தேவைப்படவில்லை.

சம்மதம் என்பது ஒன்று, உரிமையைக் கைவிடுவது என்பது வேறொன்று. என் பிள்ளை எங்கே போகிறான், எத்தனை மணிக்கு வருவான், யார் கூட இருப்பார்கள் என்று அறிந்துகொண்டு 'போய்வா' என்பது சம்மதம். அவனுக்கு என்ன நடந்தாலும் கேட்கமாட்டேன் என்பது சம்மதமே அல்ல. இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, கீழே ஒரே ஒரு புள்ளிக்கோடு போட்டுவிடுவதால்தான் நம் உம்மாமார் வித்தியாசம் தெரியாமல் ஒப்பமிடுகிறார்கள்.

இதைத் தேடிப் படித்தபோது இங்கிலாந்தின் லைம் பே சம்பவம் கண்ணில் பட்டது. 1993 மார்ச் 22ஆம் திகதி, பிளிமத் நகரப் பாடசாலையொன்றின் மாணவர் எட்டுப் பேரும் அவர்களது ஆசிரியரும், ஒரு சாகச விளையாட்டு நிலையத்தின் இரண்டு பயிற்றுநர்களுடன் லைம் ரீஜிஸ் கரையிலிருந்து கயாக்குகளில் கடலுக்குள் சென்றார்கள். காற்று அவர்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போனது. அலை புகுந்து படகுகள் கவிழ்ந்தன. அபாய ஒளிக்குண்டு இல்லை, வானொலிக் கருவி இல்லை. மதியம் திரும்பியிருக்க வேண்டியவர்களைக் காணவில்லை என்று கரையோரக் காவலருக்கு அறிவிக்கப்பட்டதே பிற்பகல் நேரங்கடந்துதான். நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களுக்கு 16, 17 வயது. என் வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவர்களின் வயது.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதற்கு முந்திய ஆண்டில் நடந்தது. அதே நிலையத்தில் வேலை செய்த இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்று முகாமைத்துவத்துக்கு எழுத்தில் எச்சரித்துவிட்டுத்தான் விலகியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் நீதிமன்றத்தில் பெரிய சாட்சியாயிற்று. 1994இல் அந்த நிறுவனமும் அதன் முகாமைப் பணிப்பாளரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பணிப்பாளர் சிறை சென்றார். இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் ஒரு கம்பனியே மனிதக்கொலைக் குற்றவாளியானது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளை இழந்த பெற்றோர் சும்மா இருக்கவில்லை. 1995இல் சிறுவர் சாகச நிலையங்களுக்கு உரிமப் பத்திரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஒரு நிலையத்துக்குப் பொறுப்பு உண்டு என்றால்தான் அது ஒளிக்குண்டு வாங்கும், வானிலை பார்க்கும், எச்சரிக்கைக் கடிதத்தைத் திறந்து வாசிக்கும். பொறுப்பே இல்லையென்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டவர் எதற்காக வாசிக்கப் போகிறார்?

எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் பனிச்சறுக்குப் பயிற்சியில் மரத்தில் மோதி 17 வயது மாணவர் ஒருவர் பார்வையை இழந்தார். அவரது தாய் ஒப்பமிட்ட படிவம் செல்லாது, பிள்ளையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. மறுவருடமே சட்டசபை புதிய சட்டம் இயற்றி, பெற்றோர் விட்டுக்கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டது. ஆனால் நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. தொழில் நடத்துபவர் தன் கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை ஒப்பந்த வசனத்தாலோ அறிவித்தல் பலகையாலோ தட்டிக்கழிக்க முடியாது என்பது அதன் சாரம். அப்படியென்றால் கட்டணம் வாங்கி நடத்தும் முகாமொன்றின் படிவத்தில் அந்த வசனம் எதற்கு? உம்மாவைப் போன்றவர்கள், 'நாமதானே சைன் வெச்சம்' என்று நினைத்து வாய்மூடிக் கொள்வதற்குத்தான்.

சட்டத்தை விடுங்கள். இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் தோழிகளுக்கு இது புதிதாக இருக்காது: அநாதையின் சொத்தைப் பராமரிக்கும் வலீ அந்தச் சொத்தை அன்பளிப்பாகக் கொடுத்துவிட முடியாது. பிள்ளைக்கு நட்டம் மட்டுமே தரும் காரியத்தைச் செய்யும் அதிகாரம் வலீக்கு இல்லை. காணித்துண்டுக்கே அப்படியென்றால் கைகாலுக்கு எப்படி? 'எல்லாம் அல்லாஹ்ட நாட்டம், பேப்பர்ல என்ன இருக்கு' என்று பெரியம்மா சொன்னார். அல்லாஹ்வின் நாட்டத்தில் எனக்கும் ஈமான் உண்டு. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸைப் பெரியம்மாதான் எனக்குச் சின்ன வயதில் சொல்லித் தந்தார்.

கிழக்கில் வாழும் எங்களுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குச் சென்ற பிள்ளைகள் மூழ்கிய செய்தி வந்த காலை இன்னும் நினைவிருக்கிறது. அன்று எல்லோரும் கேட்டது, அங்கி ஏன் இல்லை, அத்தனை பேரை ஏற்றியது யார், அனுமதித்தது யார் என்றுதான்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை எங்கள் வகுப்பு டீச்சர் சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. "இப்படிக் கேள்வி கேட்டா நாளைக்கு ஒருத்தரும் புள்ளைகள வெளிய கூட்டிப் போகமாட்டாங்க" என்றார். உண்மைதான். ஒரு சுற்றுலாவுக்குப் பின்னால் ஆசிரியர்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். சம்பளம் கூடாத வேலை. ஏதும் நடந்தால் முதலில் பேர் கெடுவது அவர்களுக்கு. அதைவிட, பயணங்கள் நிற்கும்போது முதலில் நிற்பது பெண்பிள்ளைகளின் பயணம். தம்பிமார் எப்படியோ தோணி ஏறிவிடுவார்கள். நாங்கள் வாவியைப் பாலத்தின் மேல் பஸ்ஸிலிருந்து பார்த்தது போதும்.

எனக்கும் துடுப்புப் பிடிக்க ஆசைதான். அதனால்தான் படிவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறு படிவம் வேண்டும் என்கிறேன். நீந்தத் தெரியுமா, என்ன நோய், என்ன மருந்து என்று எங்களிடம் கேட்கட்டும். எத்தனை பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர், பிள்ளையின் அளவுக்கு அங்கி இருக்கிறதா, கூடவரும் மீட்புப் படகு எது, காற்று எழுந்தால் நிறுத்துவது யார் என்று அவர்கள் எழுதித் தரட்டும். பெண்பிள்ளைகள் என்றால் என்ன உடுத்து வருவது என்பதும் அதில் இருக்க வேண்டும். நனைந்த அபாயா எவ்வளவு பாரம் என்பது அதைத் துவைத்துப் பிழிந்தவர்களுக்குத் தெரியும். இவை செய்தும் ஒரு விபத்து நடக்கலாம். கவனமாக நடந்த ஆசிரியரை அப்போது எந்த நியாயமான உம்மாவும் குற்றம் சொல்லமாட்டார்.

கடைசியில் உம்மா அந்த நீண்ட வசனத்தை நீலப் பேனாவால் வெட்டி, பக்கத்தில் சிறிய ஒப்பம் வைத்தார். தாளின் பின்பக்கத்தில், 'மகனுக்கு வீசிங் இருக்கிறது, இன்ஹேலர் பையில் உண்டு, நீந்தத் தெரியாது' என்று எழுதினார். மறுநாள் ஏற்பாட்டாளர் ஒருவர் தொலைபேசியில் பேசினார். வெட்டிய படிவத்தை ஏற்க முடியாது என்றார். பிள்ளைகளின் அளவில் எத்தனை அங்கி இருக்கிறது என்று உம்மா கேட்டார். பார்த்துச் சொல்வதாகச் சொன்னவர் பிறகு எடுக்கவில்லை.

தம்பி போகவில்லை. போன பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். வட்ஸ்அப்பில் படங்களும் போட்டார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ராத்தாவாலதான்" என்று சொன்னவன் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, நீச்சல் எங்கே பழக்குவார்கள் என்று கேட்டான். இப்போது வாப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். பெண்பிள்ளைகளுக்கும் வகுப்பு இருக்கிறதா என்று சேர்த்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.